ஒப்புக்கொண்டு முடித்துவிடலாமா?

கேள்வி: என் வீட்டுக்காரர் ராணுவத்தில் 17 வருடம் இருந்து நாயக்காக ஓய்வுபெற்று வந்தவர். கடைசி மூன்று வருடம் காஷ்மீரில், ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸில் இருந்தார். இப்போது ஓசூரில் ஒரு ஏஜென்சி மூலம் செக்யூரிட்டி வேலை. சொந்தமாக லைசென்ஸ் துப்பாக்கி இருக்கிறது. ஊரில் ஒன்றரை ஏக்கர் நிலம். அவர் இல்லாத காலத்தில் பங்காளி வரப்பைத் தள்ளிப் போட்டுவிட்டார். போன மாதம் அதில் வாய்த் தகராறு. பேசி முடித்து, இவர் மண்வெட்டியோடு திரும்பி நடக்கும்போது பங்காளி பின்னால் வந்து தோளில் கை வைத்திருக்கிறார். திரும்பிய வேகத்தில் மண்வெட்டிக் காம்பால் அடித்துவிட்டார். தலையில் ஆறு தையல். எஃப்.ஐ.ஆரில் 118(1), 296(பி), 351(3) என்று போட்டிருக்கிறது. 19 நாள் சேலம் ஜெயிலில் இருந்துவிட்டு பெயிலில் வந்திருக்கிறார். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்து. ஜெயிலில் மூன்றாம் நாள் ராத்திரி கை கால் நடுங்கி, ஆள் அடையாளம் தெரியாமல் கத்தினாராம். வீட்டிலும் தூங்குவதில்லை. திண்ணையில் வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருக்கிறார். “நான் அடிச்சது நிஜம். ஒத்துக்கிட்டு அபராதத்தைக் கட்டி முடிச்சிடலாம். மிலிட்டரின்னு மட்டும் கோர்ட்ல சொல்லாத, அசிங்கம்” என்கிறார். பென்ஷன் நின்றுவிடுமா? ராணுவக் கோர்ட்டுக்கு இழுப்பார்களா? மகன் அக்னிவீருக்குத் தயாராகிறான், அவனுக்குத் தடை வருமா?

— பென்னாகரம் வட்டத்திலிருந்து ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பென்ஷனையும் மகனையும் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், அவற்றுக்குப் பதில் சொல்கிறேன். ஆனால் முதலில் பேச வேண்டியது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய இரண்டு விஷயங்களை. ஒன்று, பங்காளி பின்னாலிருந்து தோளில் கை வைத்தது. இன்னொன்று, ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம் என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்வது.

ஒப்புக்கொள்ள வேண்டாம். குறைந்தபட்சம் இப்போது வேண்டாம்.

அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பது எனக்குப் புரிகிறது. தருமபுரி கோர்ட்டில் இத்தனை வருடத்தில் முன்னாள் ராணுவத்தினர் பலருக்கு ஆஜராகியிருக்கிறேன். பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு சுபேதார் வந்திருந்தார். இதே மாதிரி அடிதடி கேஸ்தான். “மாஜிஸ்திரேட் குற்றச்சாட்டைப் படித்துக் கேட்பார், இல்லை, விசாரணை கோருகிறேன் என்று சொல்லுங்கள்” என்று காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவைத்தேன். கூண்டில் ஏறியதும் மனிதர் குதிகால் இரண்டையும் சேர்த்து, கைகளைப் பேன்ட் தையலோடு ஒட்டி, நிமிர்ந்து நின்றுவிட்டார். செய்தீர்களா என்று கேட்டதுதான் தாமதம், “யெஸ் சார்!” என்றார். கோர்ட் ஹாலே திரும்பிப் பார்த்தது. நல்லவேளையாக அந்த மாஜிஸ்திரேட் பொறுமையானவர், “வக்கீல், உங்கள் கட்சிக்காரருக்கு இன்னொரு தடவை விளக்குங்கள்” என்று அவகாசம் கொடுத்தார். வெளியே வந்து அந்த சுபேதார் என்னிடம் சொன்னார்: “மேலதிகாரி கேட்டா இல்லைன்னு சொல்லிப் பழக்கமில்லைங்க.”

பட்டாளத்தில் அது நல்ல குணம். தப்பு நடந்தால் முன்வந்து சொல், தண்டனையை வாங்கு, வேலையைப் பார் என்பது அங்கே மரியாதை. கோர்ட் அப்படிப்பட்ட இடம் இல்லை. இங்கே ஒப்புக்கொண்டால் பதிவாவது உங்கள் வீட்டுக்காரரின் நேர்மை அல்ல, அவர் குற்றவாளி என்ற தீர்ப்பு. “விசாரணை கோருகிறேன்” என்று சொல்வது பொய் சொல்வதும் ஆகாது. அடித்தாரா என்பது மட்டும் கேள்வி இல்லையே. எந்தச் சூழ்நிலையில், எந்த எண்ணத்தோடு, அந்தப் பிரிவு பொருந்தும் அளவுக்கா என்பதையெல்லாம் அரசுத் தரப்பு நிரூபிக்கட்டும் என்று கேட்பது அவருடைய உரிமை. இதை இந்த வார்த்தைகளிலேயே அவருக்குச் சொல்லிப் பாருங்கள். நேர்மையானவர்களுக்கு இந்த விளக்கம் தேவைப்படுகிறது.

அபராதம் கட்டி முடிவது என்று அவர் நினைப்பதன் விலை என்ன என்பதையும் பார்த்துவிடுவோம். பழைய ஐ.பி.சி.க்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 118(1) என்பது ஆயுதம் அல்லது ஆபத்தான பொருளால் காயம் ஏற்படுத்துவது. 3 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கொல்லுவேன் என்று மிரட்டியதாகச் சொல்லும் 351(3)-க்கு 7 ஆண்டு வரை போகலாம். முதல் குற்றத்துக்கு அவ்வளவு தருவார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிறிய தண்டனை வந்தாலும் அவர் செய்யும் வேலை போய்விடும். தனியார் பாதுகாப்பு ஏஜென்சிகளுக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமை கொடுக்கலாம் என்று சொல்கிறது. அதே சட்டம்தான் நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது என்றும் சொல்கிறது. வன்முறைக் குற்றத்தில் சிறைத்தண்டனை பெற்றவர், அந்தத் தண்டனை முடிந்து 5 ஆண்டுகள் வரை துப்பாக்கி வைத்திருக்க ஆயுதச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஓசூர் சிப்காட்டில் யூனிஃபார்ம் போட்டு நிற்கும் நம் ஊர் எக்ஸ்-மிலிட்டரிகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. தெரியாமலே “முடிஞ்சா சரி” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் ஏஜென்சி திருப்பி அனுப்பும்போது என் ஆபீசுக்கு வருகிறார்கள்.

சரி, அந்தத் தோள் விஷயத்துக்கு வருகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் வாசலைப் பார்த்தபடி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது, பின்னாலிருந்து தொட்டால் யோசிக்கும் முன் கை எழுந்துவிடுவது, இதெல்லாம் கோபக்காரன் என்பதில் அடங்காது. மூன்று வருடம் எந்தப் பக்கத்திலிருந்து சுடுவார்கள் என்று தெரியாமல் நடந்தவரின் உடம்பு, ஊருக்கு வந்த பிறகும் அந்தக் காவலிலிருந்து இறங்காமல் இருக்கலாம். இதற்கு மருத்துவத்தில் பெயர் உண்டு, சிகிச்சையும் உண்டு. 2013-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு ஆய்வு வந்தது. இராக், ஆப்கானிஸ்தான் போர்க்காலத்து பிரிட்டன் படையினர் 13,000-க்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைக் குற்றப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். போர்முனைக்கு அனுப்பப்பட்டது மட்டுமே ஒருவரை வன்முறைக்குத் தள்ளவில்லை. நேரடிச் சண்டையில் கண்டவை, அதன்பின் வரும் மனப் பாதிப்பு, மிதமிஞ்சிய குடி ஆகியவைதான் வன்முறைக் குற்றங்களோடு சேர்ந்து வந்தன. உங்கள் கடிதத்தில் இந்த மூன்றின் சாயலும் தெரிகிறது.

குடி என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் ஜெயிலில் மூன்றாம் நாள் ராத்திரி நடந்ததைப் படித்ததும் ஊகித்துவிட்டேன். தினமும் குடித்துப் பழகிய உடம்புக்குத் திடீரென்று நின்றுபோனால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், குழப்பம், இல்லாத உருவங்கள் தெரிவது, சிலருக்கு வலிப்பு என்று வரும். உயிருக்கே ஆபத்தான நிலை அது. இதைப் படிக்கும் மற்ற பெண்களுக்கும் சொல்கிறேன்: வீட்டுக்காரரை ரிமாண்டு செய்தால், அவர் தினமும் குடிப்பவர் என்பதை மாஜிஸ்திரேட் முன்பே வக்கீல் மூலம் சொல்லச் சொல்லுங்கள், ஜெயில் டாக்டருக்கும் எழுதிக் கொடுங்கள். மானம் போகுமே என்று மறைக்காதீர்கள். அப்புறம் அந்த கேன்டீன் ரம். மாதக் கோட்டாவில் மிச்சம் இருப்பதை ஊர்க்காரர்கள் கேட்டால் விற்பது நம் பக்கம் சாதாரணமாகிவிட்டது. அது மதுவிலக்குச் சட்டத்தில் தனிக் குற்றம். இருக்கிற கேஸ் போதும்.

இந்தப் பாதிப்பு அவரைக் கேஸிலிருந்து அப்படியே விடுவித்துவிடுமா? விடுவிக்காது. பாரதிய நியாய சன்ஹிதா 22-ஆம் பிரிவு, செய்வது என்ன என்றோ அது தவறு என்றோ அறிய முடியாத அளவுக்கு மனநிலை பாதித்தவருக்குத்தான் பொருந்தும். உங்கள் வீட்டுக்காரர் அந்த நிலையில் இல்லை. யாராவது “பைத்தியம்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிடலாம், கேஸ் போயிடும்” என்று ஐந்தாயிரம் பத்தாயிரம் கேட்டால் வாசலிலேயே அனுப்பிவிடுங்கள். கேஸும் போகாது, அந்தக் காகிதம் வாழ்நாள் முழுக்க அவர் பின்னாலேயே வரும். நான் சொல்வது உண்மையான சிகிச்சை, உண்மையான மருத்துவப் பதிவு. அடிக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்ததா, பின்னாலிருந்து கை விழுந்ததில் தற்காப்பாக எழுந்த அடியா என்ற வாதத்துக்கு அந்தத் தோள் விஷயம்தான் அஸ்திவாரம். அதைப் பார்த்தவர்கள் யார், எந்தத் தூரத்தில் நின்றார்கள், வாய்ச்சண்டை முடிந்து எத்தனை அடி நடந்திருந்தார் என்பதையெல்லாம் ஞாபகம் மங்குவதற்கு முன் ஒரு நோட்டில் எழுதி வக்கீலிடம் கொடுங்கள். ஸ்டேஷனில் எழுதிய எஃப்.ஐ.ஆரில் அந்த வரி இருக்காது, புகார் கொடுத்தவர் அதைச் சொல்லியிருக்க மாட்டார். நீங்கள் சொன்னால்தான் உண்டு.

ஒருவேளை குற்றம் நிரூபிக்கப்பட்டாலும் வழி மூடிவிடாது. 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 4-ஆம் பிரிவில், குற்றத்தின் தன்மையையும் குற்றவாளியின் குணத்தையும் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். அப்படி விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டனை பெற்றவர் என்பதால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. அவர் வேலைக்கு இது எவ்வளவு முக்கியம் என்பது மேலே சொன்னதிலிருந்து விளங்கும்.

குணத்தைப் பார்த்து என்றால், எதைப் பார்த்து? அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் நடத்தை என்ற இடத்தில் ஒரு வார்த்தை எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டிருப்பார். பெரும்பாலும் ‘எக்ஸம்ப்ளரி’ அல்லது ‘வெரி குட்’ என்று இருக்கும். 17 வருடத்துக்கு அரசாங்கம் கொடுத்த நடத்தைச் சான்று அது. ஊர்ப் பெரியவர்களிடம் கெஞ்சி வாங்கும் பத்து கடிதத்தை விட அதற்கு மதிப்பு அதிகம். அதைத்தான் அவர் அசிங்கம் என்று பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்கிறார்.

அமெரிக்காவில் ஜார்ஜ் போர்ட்டர் என்பவர் கொலை வழக்கில் மரண தண்டனை பெற்றார். கொரியப் போரில் மிகக் கொடூரமான இரண்டு சண்டைகளில் முன்வரிசையில் நின்றவர். அந்த விவரத்தை அவருடைய வக்கீல் ஜூரியிடம் சொல்லவே இல்லை. 2009-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையான குறையாகப் பார்த்தது. போருக்குப் போனார் என்பது மட்டுமல்ல, அந்தப் போர் அவரை என்ன செய்தது என்பதும் தண்டனை வழங்குபவர்கள் முன்னால் வந்திருக்க வேண்டும் என்றது. அதற்கு முந்தைய வருடம்தான் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில், நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் முன்னாள் படைவீரர்களுக்கென்றே தனி நீதிமன்றம் தொடங்கியிருந்தார். சிகிச்சைக்கு ஒழுங்காக வருகிறாரா என்று நீதிமன்றமே பார்க்கும், கூடவே இன்னொரு முன்னாள் வீரரைத் துணைக்கு வைக்கும். நம் நாட்டில் அப்படி ஒரு நீதிமன்றம் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். இல்லாத வரைக்கும், தடங்கத்தில் இருக்கும் நம் மாவட்ட நீதிமன்றத்திலும் வட்ட நீதிமன்றங்களிலும் அந்த விவரத்தை மாஜிஸ்திரேட் மேஜைக்குக் கொண்டுபோவது குடும்பமும் வக்கீலும்தான் செய்ய வேண்டிய வேலை. ஸ்டேஷனில் அடையாள அட்டையைக் காட்டி மிரட்டுவதைச் சொல்லவில்லை. அது எப்போதும் கேஸைக் கெடுக்கும்.

உங்கள் மூன்று கேள்விகளுக்கு இப்போது பதில். ராணுவக் கோர்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஓய்வுபெற்ற பிறகு நடந்த சம்பவம், நம் மாஜிஸ்திரேட் கோர்ட்தான். பென்ஷன் கைதானதாலோ எஃப்.ஐ.ஆர். போட்டதாலோ நிற்காது. நன்னடத்தை பென்ஷனுக்கு ஒரு நிபந்தனை என்பது விதியில் இருக்கிறது, கடுமையான குற்றத்தில் தண்டனை பெற்றுச் சிறை சென்றால் நிறுத்திவைக்க அதிகாரிகளுக்கு அதிகாரமும் இருக்கிறது. விசாரணைக் கைதியாக இருந்த 19 நாளுக்கு அது பொருந்தாது. ராணுவ பென்ஷனுக்கான ஆன்லைன் முறையான ஸ்பார்ஷில் வருடாந்திர உயிர்ச்சான்று மட்டும் இந்த அலைச்சலில் விட்டுப்போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது நின்றுபோய், கேஸால் நின்றது என்று பயந்து ஓடி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகனைப் பொறுத்தவரை, போலீஸ் சரிபார்ப்பில் பார்ப்பது அவன் மேல் கேஸ் இருக்கிறதா என்பதை. அப்பா மேல் இருப்பது அவனைத் தடுக்காது. ஆனால் ஒன்று, அந்த நிலத்துப் பக்கமே அவன் போகக் கூடாது. பங்காளிச் சண்டையில் வீட்டில் உள்ள ஆண்பிள்ளைகள் எல்லார் பெயரையும் புகாரில் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். ஒரு முறை சேர்ந்துவிட்டால் அவன் ஓடிய ஓட்டமெல்லாம் வீண்.

நிலத் தகராறுக்கு மண்வெட்டி வேண்டாம், தாலுகா ஆபீசில் எஃப்-லைன் மனு போடுங்கள். சர்வேயர் வந்து அளந்து கல் நட்டுவிடுவார். பட்டாளத்துக்குப் போன வீட்டில் வரப்பு நகர்வது இந்த மாவட்டத்தில் புதிதல்ல. கலெக்டர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்திலும் இதைக் கொடுக்கலாம். அளந்து முடிந்த பிறகு பங்காளியோடு சமாதானத்துக்கும் வாய்ப்பு வரும். 118(1) இருப்பதால் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே சமரசம் எழுதி முடிக்க முடியாது. இரு தரப்பும் சேர்ந்து உயர் நீதிமன்றத்தில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 528-ஆம் பிரிவில் வழக்கை ரத்து செய்யக் கேட்க வேண்டும். அதுவரை நீங்களோ அவரோ நேரில் போய்ப் பேசாதீர்கள், சாட்சியைக் கலைத்தார் என்று பெயில் ரத்தாகிவிடும். வக்கீல்கள் மூலம் பேசட்டும். அடிபட்டவரின் ஆஸ்பத்திரிச் செலவைத் தர மனமிருந்தால் அதையும் அவர்கள் மூலமே சொல்லுங்கள். ஆறு தையல் போட்ட தலையும் நம் உறவுதானே.

தினமும் கையெழுத்துப் போடுவது அவருக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியும். ஆனால் ஒரு நாள்கூட விடக் கூடாது. கொஞ்ச நாள் ஒழுங்காகப் போட்ட பிறகு நிபந்தனையைத் தளர்த்த மனுப் போடலாம். ஓசூரில் வேலை, சிகிச்சைக்குப் போக வேண்டும் என்ற இரண்டு காரணமும் அதற்கு நல்ல காரணங்கள்.

வக்கீல் செலவுக்குக் கஷ்டம் என்றால் கடன் வாங்காதீர்கள். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணில் பேசலாம். பெண் என்ற முறையில் உங்களுக்கே, வருமானம் பார்க்காமல், இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. கைதாகிக் காவலில் இருக்கும் எவருக்கும் உண்டு. படைவீரர்கள், முன்னாள் படைவீரர்கள், அவர்கள் குடும்பங்களுக்கென்று 2025 ஜூலையில் ‘வீர் பரிவார் சகாயதா யோஜனா’ என்ற திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு தொடங்கியிருக்கிறது. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேளுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது துப்பாக்கி. தூங்காமல், குடியும் சேர்ந்து, அவமானத்தில் குமைந்துகொண்டிருப்பவர் வீட்டில் அது இருக்கக் கூடாது. ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். போலீஸ் கேட்கும் முன் நாமே கொடுத்தோம் என்பது கேஸுக்கும் நல்லது. இருந்து என்ன பயன் என்பது போல ஒரு வார்த்தை அவர் வாயில் வந்தாலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள், இரவு பகல் எப்போதும் எடுப்பார்கள்.

டாக்டரிடம் எப்படி அழைத்துப்போவது என்று நினைப்பீர்கள். மனநல டாக்டர் என்றால் வர மாட்டார். தூக்கத்துக்கு மருந்து வாங்கப் போகலாம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லை. முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் கார்டில் மனநல சிகிச்சையும் உண்டு, அங்கிருந்து எழுதி அனுப்புவார்கள். இல்லையென்றால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. உள்ளே போனதும் அந்தத் திண்ணை விஷயத்தையும் மூன்றாம் நாள் ராத்திரியையும் நீங்கள் சொல்லுங்கள், அவர் சொல்ல மாட்டார். சர்வீஸில் இருந்தபோது ராணுவ ஆஸ்பத்திரியான எம்.எச்.சில் எப்போதாவது சேர்த்திருந்தால், அந்த மருத்துவப் பதிவின் நகலை அவருடைய ரெஜிமென்ட் ரெக்கார்ட்ஸ் ஆபீசுக்கு எழுதிக் கேளுங்கள். மதராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன்தான். கிடைக்க மாதங்கள் ஆகலாம், அதனால் இந்த வாரமே தபாலில் போடுங்கள்.

அடுத்த வாய்தாவுக்கு வக்கீலைப் பார்க்கப் போகும்போது டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஜெராக்ஸ் இரண்டு செட், ஜெயிலில் ஆஸ்பத்திரிக்கு மாற்றியிருந்தால் அந்தச் சீட்டு, தோள் விஷயத்தை எழுதிய நோட்டு, துப்பாக்கி ஒப்படைத்த ரசீது இவற்றை எடுத்துப்போங்கள். அசல் புத்தகம் வீட்டிலேயே இருக்கட்டும், யாரிடமும் கொடுக்காதீர்கள்.